ஜெஸ்லின் பெயரில் உள்ளே போனவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

இது ஒரு மருந்துக் கம்பெனியின் டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வயிற்றுப்புண் மாத்திரை விளம்பரம். பாதி வருஷம் ஓடிய பிறகு என் கைக்கு வந்திருக்கிறது. ஜெஸ்லின் சிஸ்டர் கொடுத்தாள். "எக்கா, நீங்க பேசுகதுல பாதிய இதுல எழுதிப் போடுங்க. பேஷண்டுகளாவது கொஞ்சம் தூங்கட்டும்" என்றாள்.

சரி, எழுதுகிறேன். என் பெயர் பஞ்சவர்ணம். படிப்பு ஐந்தாவது. அதிலும் பாதி நாள் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி அட்டெண்டர். கூட்டுவது, துடைப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது, பெட்பேன் வைப்பது, எடுப்பது. நாங்கள் ஆஸ்பத்திரியின் ஆட்கள் இல்லை, ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். அதனால் தீபாவளிக்கு நர்சுகளுக்கு ஸ்வீட் டப்பா, எங்களுக்கு டப்பாவில் கட்டியிருந்த ரிப்பன். இதை நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், சகுந்தலா சிஸ்டரைத் தவிர. அவர் எங்கள் மாடிக்கு இன்சார்ஜ். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெஸ்லின் குலசேகரத்துப் பெண். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஓமனில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளை எடுத்துவிட்டார்கள். இங்கே ஒழுங்காக வேலை பார்த்தாள், நடத்தை நல்ல நடத்தை என்று எங்கள் ஆஸ்பத்திரி ஓர் அனுபவச் சான்று எழுதித் தர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி. அது இல்லாவிட்டால் விசா கிடையாது.

"அங்க போயி ஒட்டகத்துக்கு ஊசி போடப் போறியா தாயி?" என்றேன்.

"ஒட்டகம் உங்கள விட அமைதியா நிக்கும்க்கா" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

வைஃபையை மாற்றிவிட்டார்கள்.

எங்கள் மாடியில் போனில் சிக்னல் எடுக்காது. பக்கத்தில் எக்ஸ்ரே அறை, சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. வைஃபை இருந்தால்தான் பேச்சு, மெசேஜ் எல்லாம். இதுவரைக்கும் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பாஸ்வேர்டு. நர்ஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கும். நோயாளியின் சொந்தக்காரர்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், கீழே வடைக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும். வடைக் கடைக்காரர் அந்த வைஃபையில்தான் கிரிக்கெட் பார்ப்பார்.

இனி அது செல்லாதாம். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து பரிதி வந்தான். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் பாதி முகம் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு நர்சின் போனாக வாங்கி ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றேன்.

"என்ன தம்பி, எல்லாரு போனுக்கும் தடுப்பூசியா?"

"இல்லக்கா. முன்னாடி எல்லார் கையிலயும் ஒரே சாவி. யாரு உள்ள வந்தா, யாரு போனான்னே தெரியாது. இனிமே ஆளுக்கொரு பேரு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு."

"சுவத்துல இருக்கே வெள்ளைப் பெட்டி, அது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்குமா?"

"அது வெறும் வாசல்காரன். நீங்க பேரச் சொன்னா வாங்கி உள்ள இருக்கிற சர்வருக்கு அனுப்பும். சர்வர் லிஸ்ட்டப் பாத்து 'விடு'ன்னு சொன்னாத்தான் கதவு தெறக்கும். யாரு, எப்ப, எந்தப் பெட்டி பக்கத்துல நின்னாங்கன்னு எல்லாம் பதிவாயிரும்."

கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலில் நிற்பவன் மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஆளை விடுவான் அல்லவா, அதுதான். இதைச் சொன்னதும் பரிதி சிரித்தான். பரவாயில்லை, வாய் இருக்கிறது பையனுக்கு.

அவன் ஏற்றி முடித்ததும் நர்சின் போன், 'இந்தச் சான்றிதழை நம்புகிறீர்களா' என்று கேட்டது. அது எதற்கு என்று கேட்டேன். நாம் யார் என்று சொல்வது மட்டும் போதாதாம். வேறு எவனாவது அதே பெயரில் ஒரு பெட்டி வைத்து நம் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளக்கூடாது என்பதற்காக, சர்வரும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டுமாம். ஆஸ்பத்திரி டேப்லெட்டுகளுக்குப் பாஸ்வேர்டே கிடையாது, அவற்றுக்கும் உள்ளேயே சான்றிதழ் இருக்கிறதாம்.

"டேப்லெட்டுக்கு இருக்கு, எனக்கு அஞ்சாப்புச் சான்றிதழ்கூட இல்லையே தம்பி" என்றேன்.

எனக்கு எப்போது ஏற்றுவாய் என்றும் கேட்டேன். ஒப்பந்த ஆட்கள் லிஸ்ட்டில் இல்லை என்றான். கீழே குனிந்துகொண்டு சொன்னான்.

நர்சுகள் ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். என் பெயரில் நடப்பதற்கு நானே பொறுப்பு, யாருக்கும் பாஸ்வேர்டைத் தர மாட்டேன் என்று. ஜெஸ்லின் படிக்காமலே போட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் அப்படித்தான்.

ஜூன் 9, திங்கள்

வைஃபை இல்லாமல் எங்கள் வருகைப்பதிவு விழவில்லை. ஒப்பந்தக் கம்பெனி போனில் ஓர் ஆப் கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரி வைஃபைக்குள் இருந்து முகத்தைக் காட்டினால்தான் வந்ததாகக் கணக்கு. நாங்கள் முகத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தோம். சுற்றிக்கொண்டே இருந்தது. வந்த எல்லோருக்கும் ஆப்சென்ட்.

சகுந்தலா சிஸ்டரிடம் போனோம். என்னோடு வேலை பார்க்கும் ராக்கு கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். "வாசல்ல நாங்க நிக்கிறது உங்க கண்ணுக்குத் தெரியுது, இவிங்க போனுக்குத் தெரியலைங்கிறாய்ங்க. அப்ப நாங்க பேயா?"

சகுந்தலா சிஸ்டர் கையை வீசினார். "ஜெஸ்லின், உன்னோடத இவங்க போன்ல போட்டு விடு. எதுக்கு இந்தக் கூச்சல்."

"சிஸ்டர், கையெழுத்துப் போட்டிருக்கோமே, யாருக்கும் குடுக்கக் கூடாதுண்ணு."

"நான் சொல்றேன்ல. எல்லா மாடியிலயும் இப்படித்தான் ஓடுது."

எல்லா மாடியிலும் அப்படித்தான். முதல் மாடிக்கு ஒரு நர்ஸ், இரண்டாம் மாடிக்கு ஒரு நர்ஸ். எங்கள் மாடிக்கு ஜெஸ்லின். எங்களில் யாருக்குச் சீப்பு வேண்டுமென்றாலும், கைக்குட்டை வேண்டுமென்றாலும் அவள் பையில்தான் கைவிடுவோம். இதுவும் அப்படியே. மூன்று ஷிப்ட் அட்டெண்டர்களும் வரிசையில் நின்று போனை நீட்டினோம். 'நம்புகிறீர்களா' என்று என் போனும் கேட்டது. ஜெஸ்லினே 'ஆம்' என்று அழுத்தினாள்.

"எக்கா, இப்ப நீங்களும் ஜெஸ்லின்தான்."

"அப்ப ஓமனுக்கு நானும் வாரேன்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

பேரன் வீடியோவில் பல் காட்டினான். கீழே இரண்டு. வைஃபை வாழ்க.

ஜூன் 16, திங்கள்

இன்று மாதிரி சிரித்து வெகுநாள் ஆயிற்று.

கடைசி அறையில் ஒரு பட்டுக்கடை முதலாளி இருக்கிறார். ஊரில் பாதி சுவரில் அவர் முகம்தான். மூல நோய்க்கு ஆபரேஷன். வேறு பெயரில் சேர்த்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாதாம். அந்த முகத்தை வேறு பெயரில் எங்கே ஒளிப்பது?

காலையில் அவருக்கு வெந்நீர்த் தொட்டி வைத்தேன். சூட்டில் உட்கார வேண்டும். பட்டுச் சட்டை இல்லாமல், ஆஸ்பத்திரி பச்சை அங்கியை இடுப்புக்கு மேலே தூக்கிச் செருகி, கழுத்தில் புலிநகச் சங்கிலியோடு, பிளாஸ்டிக் தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளம்பரத்தில் சிங்காசனத்தில் உட்கார்வாரே, அதே மாதிரி. கதவிடுக்கில் நின்று ஒரு படம் எடுத்தேன். தங்கச்சி மயிலுக்கு மட்டும் அனுப்பினேன். போன தீபாவளிக்கு அந்தக் கடையில் வரிசையில் நின்று மயங்கி விழுந்தவள் அவள். 'சிங்காசனத்தைப் பார், யாருக்கும் காட்டாதே' என்று எழுதினேன்.

மயில் சிரிப்பு முகமாக இருபது அனுப்பினாள்.

ஜூன் 18, புதன்

டீக்கடையில் இரண்டு ஆட்டோக்காரர்கள் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தொட்டி. கீழே யாரோ எழுத்து வேறு சேர்த்திருக்கிறார்கள்: 'ஆடித் தள்ளுபடி ஆரம்பம்.'

மயிலுக்குப் போன் போட்டேன்.

"நான் எங்க தெரு குரூப்புல மட்டுந்தேன்க்கா போட்டேன்" என்றாள்.

அவள் தெருவில் இருநூறு வீடு.

ஜூன் 19, வியாழன்

முதலாளியின் மகன் நான்கு காரில் வந்தான். நிர்வாக அதிகாரி வரதராஜன் சாரின் அறைக் கதவு மூடியிருந்தும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. கேஸ் போடுவானாம். எடுத்தது யார் என்று பெயர் வேண்டுமாம். பெயர் தராவிட்டால் ஆஸ்பத்திரியின் பெயரே பேப்பரில் வருமாம்.

முதலாளி சாயங்காலமே டிஸ்சார்ஜ் வாங்கிப் போய்விட்டார். சக்கர நாற்காலியை நான்தான் தள்ளினேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய மனிதர், வலி இருக்கும்.

அவர் அறையைக் கழுவினேன். தொட்டியை வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பரிதியின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். போனில் என்ன அனுப்பினார்கள் என்பது வைஃபைக்குத் தெரியாதாம், அது பூட்டிய உறை மாதிரி. ஆனால் அன்று காலை கடைசி அறைக்கு வெளியே இருக்கும் பெட்டியின் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பது தெரியுமாம். டாக்டர் ஒருவர், வார்டு டேப்லெட் ஒன்று, ஜெஸ்லின்.

அதே நேரத்தில் தரைத்தளத்தில் மருந்துக் கிடங்குப் பெட்டியின் பக்கத்திலும் ஜெஸ்லின். உண்மையில் அங்கேதான் அவள் இருந்தாள். ஊசி மருந்து வாங்கப் போயிருந்தாள். கிடங்குக்காரர்களே சொன்னார்கள். மேலே அன்று காலை தொட்டி, துடைப்பம் என்று நாங்கள் எல்லோருமே அந்த அறைக்குப் போய் வந்திருந்தோம்.

வரதராஜன் சார் பரிதியையும் கூட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கே வந்து ஜெஸ்லினைக் கூப்பிட்டார். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஜன்னலை நாலு தடவை துடைத்தேன்.

"அந்தப் படத்த நீ எடுக்கலைன்னு எனக்கும் தெரியும்மா. உன் பேர்ல இன்னொரு ஆள் மேல நின்னுருக்கு. யாருக்குக் குடுத்த?"

"அட்டெண்டர் அக்காமாருக்கு எல்லாருக்கும் குடுத்தேன் சார். வருகைப்பதிவுக்கு. சகுந்தலா சிஸ்டர் குடுக்கச் சொன்னாங்க."

சகுந்தலா சிஸ்டர் பேனாவை மூடினார். "நான் எப்பச் சொன்னேன்? இவங்க பதிவ வார்டு டேப்லெட்லதான் போட்டுக் குடுக்கறேன்."

ஜெஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ஜெஸ்லின் பெயரில் எத்தனை போன் ஏறியிருக்கிறது என்பது அவன் பதிவில் இருக்கும். அவனை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்த ஆட்களை லிஸ்ட்டில் சேர்க்காமலே விட்டது வரதராஜன் சார்தான். அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் அவர் மேஜைக்குத்தான் போகும்.

"யாருன்னு தெரிஞ்சா உனக்கு ஒரு எச்சரிக்கையோட முடிச்சிரலாம். சான்றும் குடுத்துரலாம்" என்றார் சார். "தெரியலைன்னா அந்த வீட்டுக்குக் குடுக்க எங்கிட்ட உன் பேரு ஒண்ணுதான் இருக்கு."

ஜூன் 21, சனி

மதியம் சாப்பிடும்போது ஜெஸ்லின் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"எக்கா, உங்கள்ல யாரோ ஒராளு. நான் சண்டை போட வரல. விளையாட்டுக்கு எடுத்திருப்பிய. சார்கிட்ட சொன்னா போதும். எனக்க பேப்பர் போச்சுண்ணா எல்லாம் போச்சு."

 எனக்குப் புளிக்குழம்பு கொஞ்சம் உறைப்பு. தண்ணீர் குடித்தேன்.

"அந்த மொதலாளியே செல்பி எடுத்திருப்பாரு தாயி, விளம்பரத்துக்கு" என்றேன்.

ராக்கு சிரித்தாள். ஜெஸ்லினும் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எப்போதும் சிரிப்பாள்.

சாயங்காலம் பரிதியோடு டீ குடித்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பையன் முகம் வாடியிருந்தது.

"அது எந்தப் போனுன்னு கண்டுபிடிக்க முடியாதா தம்பி? பாவம் அந்தப் புள்ள."

"முடியும்க்கா. பேரு ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. இப்பல்லாம் போனு உண்மையான நம்பரச் சொல்லாது, ஒரு பொய் நம்பரச் சொல்லும். ஆனா நம்ம வைஃபைக்கு எப்பவும் அதே பொய்யத்தான் சொல்லும். போனத் தெறந்து நம்ம வைஃபை பேர அமுக்குனா அந்த நம்பர் வரும். என் பதிவுல இருக்கிற நம்பரோட ஒட்டிப் பாத்தாப் போதும். திங்கக்கிழமை எல்லார் போனையும் வாங்கிப் பாக்கப் போறோம்." அப்புறம் டம்ளரைக் கீழே வைத்தான். "இத யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"நான் யார்ட்டச் சொல்லப் போறேன்" என்றேன்.

அப்படியே போனிலிருந்து வைஃபையை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்டேன். நம்பர் காட்டாதாம்.

பையன் கெட்டிக்காரன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம். எங்கள் ஒன்றுவிட்ட நாத்தனார் மகள் ஒருத்தி இருக்கிறாள், சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

வீட்டில் துணி அலசும்போது போன் வாளியில் விழுந்துவிட்டது. கை வழுக்கிவிட்டது. சவுக்காரத் தண்ணீர். எடுத்து அரிசிக்குள் போடலாம் என்றார் வீட்டுக்காரர். ரொம்ப நேரம் உள்ளேயே கிடந்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேரன் படம் எல்லாம் அதில்தான் இருந்தது. பல் தெரிகிற படமும் போயிற்று.

வீட்டுக்காரர் போனை வாங்கி ராக்குவிடம் மட்டும் பேசினேன்.

ஜூன் 23, திங்கள்

போன் சோதனை. நர்ஸ் மேஜையில் வரிசையாக எல்லோர் போனையும் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கத்தி, கத்தரி அடுக்கி வைப்பது மாதிரி இருந்தது.

மூன்று ஷிப்ட் அட்டெண்டர்களில் ஒருத்தர் போனிலும் ஆஸ்பத்திரி வைஃபை இல்லை. துடைத்து வைத்த மாதிரி. ராக்குவிடம் மட்டும்தான் சொன்னேன். அவள் யாரிடம் சொன்னாளோ.

"எல்லாரும் ஒரே நாள்ல அழிச்சிருக்கீங்க" என்றார் வரதராஜன் சார்.

"அழிக்கிறதுக்கு இருந்தாத்தான சார். எங்களுக்கு ஏது வைஃபை?" என்றாள் ராக்கு.

என் முறை வந்தது. கையை விரித்தேன். வாளிக் கதையைச் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பரிதி என்னைப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு பெரிய கண் இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"எப்ப விழுந்துச்சு?"

"நேத்து தம்பி."

அவன் வாய் திறந்தான். டீக்கடையில் எனக்குச் சொன்னதை அவனும் சொல்ல வேண்டி வரும் அல்லவா. வாயை மூடிக்கொண்டான். அடுத்த போனை எடுத்தான்.

ஜெஸ்லின் தூணோரம் நின்றிருந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். நான் ராக்குவோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

ஆளுக்கொரு தாள் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஜெஸ்லினின் பெயரையோ பாஸ்வேர்டையோ ஒருபோதும் பயன்படுத்தவில்லை என்று. ராக்குவுக்கு எழுத வராது, அவளுக்கும் சேர்த்து நானே எழுதினேன். டைரி எழுதி எழுதிக் கையெழுத்து அழகாகிவிட்டது.

ஒப்பந்தக் கம்பெனி சூபர்வைசர் வாசலிலேயே நின்றான். மாட்டினால் அன்றைக்கே வெளியே, வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை வாங்க முடியாதபடி செய்வேன் என்று நேற்றே சொல்லிவிட்டான். வீட்டுக்காரருக்கு முதுகு போன பிறகு ஆட்டோ ஓட்ட முடிவதில்லை. இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ராக்கு வீட்டிலும் இருக்கிறது.

எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதினோம். நான் ஒருத்தி மட்டுமா எழுதினேன்?

ஜூன் 28, சனி

ஜெஸ்லினை நிறுத்திவிட்டார்கள். நோயாளியின் அந்தரங்கம் காக்கத் தவறியதால் நீக்கம் என்று எழுத்தில். முதலாளியின் மகனுக்கு அதில் ஒரு பிரதி போயிற்றாம். அனுபவச் சான்று கிடையாது.

மத்தியானம் அவள் அலமாரியைக் காலி செய்தாள். நானும் போய்ப் பை பிடித்துக்கொண்டேன். இரண்டு வெள்ளைக் கோட்டு, ஒரு பைபிள், தேங்காய் எண்ணெய் பாட்டில், மலையாள எழுத்துப் போட்ட ஒரு பிஸ்கட் டின். டின்னை என் கையில் கொடுத்தாள். உள்ளே முறுக்கு இருந்தது. அம்மா அனுப்பியதாம்.

"ஊருக்குப் போயி ரெண்டு நாள் ரெஸ்ட் எடு தாயி. மெலிஞ்சு போயிட்ட" என்றேன்.

"எக்கா, உங்களுக்க போன் உண்மையிலேயே தண்ணியில விழுந்துதா?"

"பின்ன, நானே முக்கி எடுப்பேனா?"

 அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். லிப்ட் வரை தூக்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று படியில் இறங்கினாள்.

முறுக்கை ராக்குவும் நானும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

ஒப்பந்த ஆட்களையும் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டார்கள். இனி யாரும் யார் பெயரிலும் நுழையக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

மயில் பழைய போன் ஒன்று கொடுத்திருக்கிறாள். மூலையில் கீறல், மற்றபடி நன்றாக வேலை செய்கிறது. பரிதி அதில் ஏற்றினான். என் ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயரை அடித்தான். இந்த ஆஸ்பத்திரியில் என் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டு இதுதான் முதல் தடவை. எல்லோரும் பஞ்சு, பஞ்சக்கா என்றுதான் சொல்வார்கள்.

"பாஸ்வேர்டு நீங்களே போடுங்க. யார்ட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும்" என்றான். தலை நிமிரவில்லை.

"எங்க நாத்தனார் மக ஒருத்தி இருக்கா தம்பி, பி.காம்."

"வேணாம்க்கா."

சான்றிதழை நம்புகிறீர்களா என்று போன் கேட்டது. அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. காலையில் முகம் காட்டினேன், உடனே வருகை விழுந்தது. ராக்கு கைதட்டினாள்.

ஜூலை 2, புதன்

ஜெஸ்லினின் குரல் மெசேஜ். என் புது வைஃபையில் சடாரென்று வந்து விழுந்தது. ஸ்டோர் அறைக்குள் போய்க் கேட்டேன்.

"எக்கா, ஜெஸ்லினாக்கும். ஏஜென்சியில வெள்ளிக்கிழம வரைக்கும் பாத்துக்கிடுகோம்ணு சொல்லியிருக்காவ. அதுக்குள்ள சான்று வந்தா ஓமனுக்கு அனுப்பிருவாவ. வரதராஜன் சாரு சொன்னாருல்லா, ஆளு தெரிஞ்சா தாரேன்ணு. எனக்கு இங்க வேல திரும்ப வேண்டாம்க்கா. அந்தப் பேப்பர் மட்டும் போதும். அப்பாட்ட இன்னும் சொல்லல. நான் யாரையும் சொல்லிக் குடுக்கல, பாத்தியளா. நீங்களா பாத்து…" அதற்கு மேல் சரியாகக் கேட்கவில்லை. சளி பிடித்திருக்கிறது போல. அங்கே மழை அதிகம்.

இரண்டாம் தடவையும் கேட்டேன். அதே இடத்தில் அதே மாதிரிதான் நின்றது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் பெட்பேன் ஏழு. ஒரு கிழவர் என்னை அவர் மருமகள் என்று நினைத்துத் திட்டினார். நானும் மருமகள் மாதிரியே பதில் சொன்னேன். வார்டே சிரித்தது. மத்தியானம் ராக்கு கத்தரிக்காய் கொண்டுவந்தாள். கொஞ்சம் கசப்பு, முற்றல் காய் போட்டிருக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். தரைத்தளம் என் வேலை இல்லை. அங்கே வேறு ஆட்கள். மாப்பும் வாளியும் எடுத்துக்கொண்டுதான் போனேன். கையை வீசிக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள்.

வரதராஜன் சார் தனியாகத்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது. எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அவர் பார்க்கவில்லை. இருமினேன்.

"என்னம்மா, என்ன வேணும்?"

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே காவலாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். சார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"சொல்லும்மா."

"கீழ தொடச்சிரலாமான்னு கேக்க வந்தேன் சார்."

சார் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். மேஜைக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தேன்.